அடுப்பின்மேல் பழி வேண்டாம்

என் ஓவன் அடுப்பில் எந்தக் குறையும் இல்லை. உங்கள் காப்பீட்டு அறிக்கையில் ‘வெப்பக் கட்டுப்பாடு பழுது’ என்று எழுதியிருக்கிறீர்கள், அது தவறு. வாங்கிய நாள்முதல் அது ஒருமுறையும் பிசகியதில்லை. சரிபாராமல் எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள இயலாது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடலாம். பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ராக் குழுவின் பெயர் வெட் ஸ்லேட்ஸ். எழுபத்தாறில் நாங்கள் வெளியிட்ட ஆல்பம் இன்றும் ஷெஃபீல்டு மதுக்கடைகளில் ஒலிக்கிறது. அதன் இரண்டாம் பாட்டின் நடுவே வரும் கிதார் வாசிப்பு என் பெயரில் உள்ளது. என்னைக் கண்டால் பேருந்து ஓட்டுநர்கூட அதை வாயால் வாசித்துக் காட்டுவார். எங்கள் பாடகன் நெவில், ஆல்பம் வந்த மறு ஆண்டே சாலை விபத்தில் இறந்தான். அவன் மனைவி மேவிஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

சென்ற கோடையில் கூரை செப்பனிட வந்தவர் என் பரணிலிருந்து ஒலிநாடாச் சுருள்களை இறக்கினார். மேவிஸும் உடனிருந்தாள். அவை ஆல்பத்தில் சேராமல் ஒதுக்கப்பட்ட பதிவுகள்: தப்பிய தாளங்கள், பாதியில் நின்ற பாட்டுகள், இடையிடையே பேச்சும் சிரிப்பும். இசைத்தட்டு நிறுவனம் அவற்றை வெளியிடத் துடித்தது. மாணவன் அடித்துத் திருத்திய பயிற்சித் தாளை எவரேனும் அச்சிட்டு விற்பார்களா?

மேவிஸின் ஆசை வேறு.

“பாட்டுலதான் எப்பவும் கத்திட்டே இருக்கானே, ட்ரெவ். அவன் சும்மா பேசறதைக் கேக்கணும் எனக்கு. ‘டீ எங்கடி’ன்னு கேப்பானே, அந்த ஒண்ணு போதும்.”

அக்காலத்து நாடாக்கள் ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓட்டினால் உரிந்துவிடும். பகல் முழுதும் ஓவன் அடுப்புக்குள் கதவடைத்து இளஞ்சூட்டில் வைத்தால், படியெடுக்கும் அளவுக்கு உயிர்பெறும். நண்பர்களின் நாடாக்களை இவ்வாறு பலமுறை காப்பாற்றிக் கொடுத்தவன் நான். எவரும் தெரியாமல் சூட்டைக் கூட்டிவிடாதிருக்க, அடுப்பின் குமிழ்மேல் ‘உள்ளே நாடா’ என்றெழுதிய வெள்ளை ஒட்டுத்தாளை ஒட்டிவைப்பது எங்கள் வழக்கம். அதனால்தான் நிறுவனம் சுருள்களைக் காப்பீடு செய்துவிட்டு என்னை நம்பி விட்டுவைத்தது.

ஞாயிறன்று மேவிஸை மதிய உணவுக்கு அழைத்தேன். மாட்டிறைச்சியை அவளே வாட்டிக் கொண்டுவந்தாள். யார்க்‌ஷயர் புட்டிங் என்ற மாவுப் பண்டத்தை மட்டும் என் அடுப்பில் சுடவேண்டும். கொழுப்பு புகையும் அளவுக்கு அடுப்பு தகித்தால்தான் மாவு உப்பும். அதில் அவள் எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

“போன தடவை நீ சுட்டதை ஷூவுக்கு அடித்தோலா போட்டிருக்கலாம். அடுப்புப் பக்கமே வராத, கிழவா.”

“உத்தரவு, மகாராணி.”

“டேப்பையெல்லாம் வெளிய எடுத்துட்டியா?”

“அதோ, டேப் மெஷின் பக்கத்துல இருக்கு பாரு.”

அங்கிருந்தவை வெறும் அட்டைப்பெட்டிகள். மேலிருந்த பெட்டியை அவள் ஒரு விரலால் தொட்டாள். நெவில் வாங்கித் தந்த தோடுகளை அணிந்து வந்திருந்தாள்.

இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ள அரைக்கும் காரமுள்ளங்கிக் கிழங்கைப் பிடுங்க நான் தோட்டத்திற்குப் போனேன். இதமான வெயில். என் அடுப்பின் கதவில் கண்ணாடி கிடையாது. உள்ளே இருப்பது வெளியே தெரியாது. ஒட்டுத்தாளை அன்று காலையிலேயே எழுதிவிட்டேன், ஆனால் ஒட்டவில்லை. அது என் சட்டைப்பையில் இருந்தது. கருகல் நாற்றம் தோட்டம்வரை வந்தது. பிறகு அவள் அலறினாள். நான் ஓடிப்போய் முதலில் அந்தத் தாளை அவள் காலடியில் நழுவவிட்டேன்; அதன்பின் அவள் தோளைப் பற்றினேன்.

“இதை ஏன் உரிச்ச, மேவிஸ்? சாப்பிட்டதும் வெளிய எடுக்கறேன்னு சொன்னேனே. அங்க இருக்கறது காலிப் பெட்டிதான்னும் சொன்னேனே.”

“சொன்னியா?” அவள் குனிந்து அந்தத் தாளை எடுத்தாள். “சொல்லியிருப்ப. நான்தான்...”

ஏன் என்று கேட்கிறீர்கள். மூன்றாம் சுருளில் நான் அந்தக் கிதார் வாசிப்பை மீண்டும் மீண்டும் தப்பாக வாசிக்கிறேன். நெவில் சிரித்துக்கொண்டே என் கிதாரை வாங்குகிறான். “இப்படிடா, மண்டு.” ஒரே மூச்சில் வாசிக்கிறான். ஆல்பத்தில் நீங்கள் கேட்பது அதைத்தான். “உன் பேரையே போட்டுக்க, உங்கம்மா சந்தோஷப்படுவாங்க” என்றும் சொல்கிறான். அது வேடிக்கைப் பேச்சு. உலகம் அதைத் தவறாகப் பொருள்கொள்ளும். இறந்தவன் வந்து விளக்கம் தர முடியுமா? அவன் பெயரைத்தான் நான் காத்தேன்.

மேவிஸ் நலமாகத்தான் இருக்கிறாள். நினைவாற்றலைச் சோதிக்க மருத்துவமனைக்குப் போகிறாள். முடிவுகள் நன்றாகவே உள்ளனவாம், அவள்தான் நம்புவதில்லை. கார்ச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டாள். ஞாயிறுதோறும் நானே போய் அழைத்து வருகிறேன். நிறையச் சிரிக்கிறோம். அடுப்பருகே மட்டும் அவள் வருவதில்லை. புட்டிங்கை இப்போது நான்தான் சுடுகிறேன், நன்றாக உப்புகிறது.

ஆகவே அறிக்கையில் அந்த ஒரு வரியைத் திருத்துங்கள். மேவிஸிடம் எதையும் சொல்லவேண்டாம். இப்போதுதான் சற்றுத் தேறியிருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் கண்கலங்கி மன்னிப்புக் கேட்கிறாள். நான் அவளை எப்போதோ மன்னித்துவிட்டேன்.