பட்டு இறக்கை

ஆறு வயதில் ராட்டினத்தை விட்டு இறங்கமாட்டேன் என்று அழுதவன் நான். தலை சுற்றுவது எனக்கு அவ்வளவு பிடிக்கும். கம்பியில் கட்டிப் பொம்மை விமானம் விடுகிறவனுக்கு அது நல்ல குணம். கையில் ஒரு பிடி, அதிலிருந்து அறுபதடிக்கு இரண்டு எஃகுக் கம்பிகள், அவற்றின் நுனியில் உறுமிக்கொண்டு வட்டமடிக்கும் விமானம், நடுவில் அதோடு சேர்ந்து சுற்றும் நான். மணிக்கட்டை மேலே சாய்த்தால் மூக்கு மேலே போகும், கீழே சாய்த்தால் கீழே. எரிபொருள் ஆறு நிமிடம் வரும். அந்த ஆறு நிமிடமும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

விச்சிட்டா நகரில் நம் கம்பி விமானச் சங்கத்தார் எல்லோருக்குமே விமானத் தொழிற்சாலையில்தான் வேலை. அங்கே கட்டியவன் முதலில் ஓட்டுவதில்லை. அதற்கென்று ஆள் உண்டு. அந்த வழக்கத்தை ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கும் கொண்டுவந்தோம். யார் கட்டிய விமானமானாலும் முதல் ஓட்டம் என்னுடையது. "கிளைடு கை பட்டா கதவுகூடப் பறக்கும்யா" என்பான் நம் சங்கத்து ஹோமர்.

ஒன்பது ஆண்டுகளில் நாற்பத்தொரு விமானங்கள். பதின்மூன்று உடைந்தன. உடைந்தவை எல்லாம் நல்லவை. சுமாரானவற்றைப் பூப்போல இறக்கிக் கொடுத்துவிட்டேன்.

பொறாமை என்பீர்கள். பொறாமை இல்லை, பாசம். நல்ல விமானம் முதல் சுற்றிலேயே என் கைக்குப் பழகிவிடும். பிறகு அதை எப்படி இன்னொருவனிடம் கொடுப்பது? வழி சுலபம். தலைகீழாகப் பறக்கும்போது மேல் கீழாகிவிடும். தூக்குவதாக நினைத்து மணிக்கட்டைச் சாய்த்தால் நேரே மண்ணில் குத்தும். அந்தத் தவறைச் செய்யாதவன் நம்மில் எவனும் இல்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று என் முதுகைத் தட்டி, டோனட் கொடுப்பீர்கள்.

போன ஏப்ரலில் லோவெல் ப்ரூயட் ஒன்று கொண்டுவந்தான். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மேசைக்காரன். அவன் மனைவி நடீன் அக்டோபரில் இறந்துபோயிருந்தாள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து கட்டியிருக்கிறான். இறக்கைக்குப் போர்த்தியிருந்தது அவளுடைய கல்யாண உடுப்பின் பட்டு.

"உசுரே போனாலும் விமானத்துல ஏறமாட்டேன்னுவா," என்றான். "ஒரு தடவ மேல போயிட்டு வரட்டும், கிளைடு."

"கரணம் போடவா?"

"போடு. பயந்தா கத்துவா, கேக்கலாம்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அவன் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

அது பறந்த அழகைச் சொல்லி மாளாது. மூன்று கரணம், எட்டு வடிவில் இரண்டு சுற்று. வெயில் பட்டுக்குள் புகுந்து பால்சா மரச் சட்டங்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. வட்டத்துக்கு வெளியே லோவெல் தொப்பியை வீசிக் குதித்தான். எனக்குக் கண்ணீர் வரும்வரை சிரிப்பு. ஐந்தாவது நிமிடத்தில் தலைகீழாக்கினேன்.

லோவெல் மண்டியிட்டுத் துண்டுகளைப் பொறுக்கினான். பிறகு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். "மனசுல வெச்சுக்காதப்பா. பாவாடப் பக்கம் துணி மிச்சமிருக்கு. இன்னொண்ணுக்குப் போதும்."

ஆகஸ்டில் அந்த இன்னொன்றைக் கொண்டுவந்தான். பட்டு அதோடு தீர்ந்தது.

"இத அவனே விடட்டும்யா," என்றான் ஹோமர், என் முகத்தைப் பார்க்காமல்.

"என் கை நடுங்கும்," என்றான் லோவெல். "கிளைடு என்ன, வேணும்னா பண்ணினான்?" பிடியை என் கையில் வைத்தான்.

முதலாவதைவிட இது நன்றாகப் பறந்தது. எரிபொருள் தீரப்போகும் சத்தம் கேட்டது. அப்படியே விட்டிருந்தால் தானாகவே சறுக்கிப் புல்லில் இறங்கியிருக்கும். அதற்குமுன் தலைகீழாக்கி, மணிக்கட்டைச் சாய்த்தேன்.

சங்கம் கேட்டதால் எழுதித் தருகிறேன். பதின்மூன்றையும் வேண்டுமென்றேதான் செய்தேன். லோவெல் இப்போது வேலைக்கும் வருவதில்லை, கதவைத் தட்டினாலும் திறப்பதில்லை என்கிறீர்கள். எனக்கும் வருத்தம்தான். அவன் மனைவியை இரண்டு தடவை வானத்துக்குக் கூட்டிப்போனவன் நான். இதுவரை அவன் ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.