சப்டைட்டில் இல்லாத சித்தி

தாமதமாகத் தொடங்கினாலும் தளராமல் தலைமை தாங்கும் நம் தமிழ்ச் சங்கத் தலைவர் கந்தசாமி ஐயா அவர்களே! அந்தத் தலைவருக்கும் தலைவியாய்த் திகழும் சாந்தாமணி ஆன்ட்டி அவர்களே! மைக்கை என் கையில் தந்துவிட்டு, மனம் மாறி அதையே பார்த்துக்கொண்டு நிற்கும் செயலாளர் மதன் அவர்களே! பனி கொட்டினாலும் சாம்பார் வாளியோடு வந்து சேரும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைப்பேசியில் ஸ்கோர் பார்க்கும் பெரியோர்களே! தமிழ் புரிந்தும் புரியாததுபோல் அமர்ந்திருக்கும் பிள்ளைச் செல்வங்களே! அனைவருக்கும், ஏழாண்டுகளாக அமெரிக்காவின் இந்த வெஸ்ட் வின்ட்சரில் உங்களோடு வாழ்ந்துவரும் கலாவதியின் வணக்கம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'ஜப்பானியத் தொடர் காட்டும் சித்தியின் மாண்பு'. ஆண்டுவிழாவில் தமிழ்ப் பள்ளிக்கும் ஜப்பானுக்கும் என்ன தொடர்பு என்று கேட்காதீர்கள். செயற்குழு முடிவு செய்துவிட்டது. செயற்குழு முடிவு செய்தபின் சிந்திப்பது நம் மரபல்ல!

அந்தத் தொடரைப் பார்க்காதவர் யாரேனும் இந்த அரங்கில் உண்டா? அதோ, பின்னால் ஒரே ஒரு கை. ஐயா, நீங்கள் எப்படி இன்னும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறீர்கள்? உங்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓசாகாவில் ஒரு சிறு வீடு. தாயை இழந்த ஒரு சிறுமி. தந்தை மறுமணம் செய்து அழைத்துவரும் ஒரு சித்தி. ஒன்பது எபிசோட்கள் அந்தச் சிறுமி வாய் திறக்கவில்லை. சித்தி சமைக்கிறாள், மூடிவைக்கிறாள், காத்திருக்கிறாள். பத்தாவது எபிசோடில், வேலைக்குக் கிளம்பும் சித்தி வாசலுக்கு வருகிறாள். முந்தின நாள் கழற்றிப்போட்ட அவளுடைய செருப்பு, காலை எளிதாக நுழைக்கும்படி வெளியே பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது. வைத்தது யார்? அந்தச் சிறுமி! அவ்வளவுதான் கதை.

அந்தச் செருப்புக்கு நம் சங்கம் அழுத அழுகை இருக்கிறதே! சாந்தாமணி ஆன்ட்டி குழுவில் நான்கு நிமிடக் குரல்பதிவு அனுப்பினார். அதில் மூன்றரை நிமிடம் விசும்பல். கடைசியில், "எவ்வளவு நல்ல பொம்பள கண்ணு அவ! பெத்தாத்தான் தாயா?" என்று ஒரு கேள்வி. நூற்றுப் பன்னிரண்டு பேர் அழுமுகப் பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். போடாவிட்டால் சித்திக்கே இரக்கமில்லை என்பீர்கள்!

அழுததோடு நின்றோமா? இல்லை! இன்று இந்த அரங்கின் வாசலைப் பார்த்தீர்களா? குத்துவிளக்கு ஏற்றிய இடமென்று கழற்றிவிடும் செருப்புகள் எப்போதும் குவியலாகக் கிடக்கும். நம்முடையதைத் தேடி எடுப்பதற்குள் விழாவே மறந்துபோகும். இன்றோ, தன்னார்வலர்கள் நின்று ஒவ்வொரு ஜோடியையும் வெளியே பார்த்துத் திருப்பி வைத்திருக்கிறார்கள். என்னே பண்பாட்டுப் பரிமாற்றம்! சித்தியின் பெருமையைச் செருப்புவரை கொண்டுபோய்விட்டோம். செருப்புக்கு மேலே கொண்டுவருவதற்குத்தான் செயற்குழுவில் ஒப்புதல் கிடைக்கவில்லை.

ஏன் சிரிக்கிறீர்கள்? நான் இன்னும் விஷயத்துக்கே வரவில்லை.

நம் தமிழ்ப் பள்ளியில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. எட்டாம் நிலை முடிக்கும் பிள்ளையை மேடைக்கு அழைப்பார்கள். அந்தப் பிள்ளையின் தாய் வந்து பொன்னாடை போர்த்துவார். இந்த ஆண்டு என் கணவர் செழியனின் மகள், என் மகள், வெண்பா எட்டாம் நிலை முடிக்கிறாள். இரண்டு வாரத்துக்கு முன் மதன் தம்பி தொலைபேசியில் அழைத்தார்.

"கலாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. வெண்பாவுக்கு நம்ம சாந்தாமணி ஆன்ட்டி பொன்னாடை போட்டுருவாங்க. கமிட்டில டிஸ்கஸ் பண்ணிட்டோம். நீங்க போட்டா பாக்குறவங்களுக்குக் கொஞ்சம் ஆக்வர்டா இருக்கும். அவளுக்கும் அவங்கம்மா ஞாபகம் வந்துரும்ல?"

"வெண்பாகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"சின்னப் பொண்ணுகிட்ட இதெல்லாம் எப்படிக்கா கேக்குறது? ஆனா உங்கள விட்டுருவோமா? ஜப்பான் சீரியல் பத்திப் பத்து நிமிஷம் ஸ்பீச், உங்களுக்குத்தான். சப்ஜெக்ட் உங்களுக்குச் செம ஃபிட்டு!"

மதன் தம்பி, தலையைக் குனியாதீர்கள். உங்களைப் பாராட்டத்தான் சொல்கிறேன். சித்தியைப் பற்றிப் பேச ஒரு சித்தி வேண்டும். மகளுக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் அவள் வேண்டாம்! இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டை வேறெந்தச் சங்கம் செய்யும்?

ஜப்பான் சித்திக்கும் எனக்கும் என்ன வேறுபாடு என்று யோசித்துப் பார்த்தேன். அங்கே சிறுமியின் மௌனத்துக்கு அடியில் வெள்ளை எழுத்தில் விளக்கம் ஓடியது. சிறுமி சன்னலைப் பார்த்தால், 'அவள் மனம் இளகுகிறது' என்று கீழே வந்தது. எங்கள் வீட்டில் சப்டைட்டில் இல்லை, ஐயா! ஏழு வயதில் என் கைக்கு வந்த குழந்தை, கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். அது கோபமா, தூக்கமா, ஹோம்வொர்க்கா, யார் சொல்வது? பதினான்கு வயதில் அவள் தரும் பதில் இரண்டுதான். ஒன்று 'ஃபைன்'. இன்னொன்று 'வாட்எவர்'. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு ஏழாண்டு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஞாயிறுதோறும் அவளைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துவந்து, வகுப்பு முடியும்வரை காரிலேயே காத்திருந்தது யார்? பல்லுக்குக் கம்பி கட்டிய வாரம் முழுக்க ரசம் சாதத்தைக் குழைத்துக் கொடுத்தது யார்? அவளைப் பெற்ற ரோஷினியின் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போட்டு, அவருக்குப் பிடித்த பால்கொழுக்கட்டையைச் செய்து வைப்பது யார்? ஆம், தாய்மார்களே, அவளுக்கு அவள் அம்மாவின் ஞாபகம் வரும். வரட்டும்! அது வரக்கூடாதென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த ஞாபகத்துக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் இருக்காதா என்றுதான் நினைத்தேன்.

இதோ, மதன் தம்பியிடமிருந்து துண்டுச்சீட்டு. 'இரண்டு நிமிடத்தில் முடிக்கவும். பிரியாணி ஆறுகிறது.' மேடைத் தமிழின் அமரவரிகள்! முடித்துவிடுகிறேன், தம்பி.

இத்தனை நேரம் உங்களைக் கேலி செய்தேன். ஓர் உண்மையையும் ஒப்புக்கொள்கிறேன். வெண்பாவிடம் செயற்குழு கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை! இரண்டு வாரம் ஒரே வீட்டில், ஒரே காரில் இருந்தும் கேட்கவில்லை. ஏன்? பயம். 'ஆன்ட்டியே போடட்டுமா?' என்று கேட்டு, அவள் 'ஃபைன்' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்? உங்களைக் கேள்வி கேட்கத் துணிந்த இந்த வாய், ஒரு பதினான்கு வயதுப் பெண் முன்னால் ஊமையாகிவிட்டது. அந்த வகையில் நானும் இந்தச் சங்கத்தின் தகுதிவாய்ந்த உறுப்பினர்தான்.

என்ன, மறுபடியும் சீட்டா? மதன் தம்பி, இரண்டு நிமிடம் இன்னும் ஆகவில்லையே! நீங்கள் அனுப்பவில்லையா? பிறகு யார்? ஊதா மை... பொறுங்கள்.

படிக்கிறேன். தமிழில் எழுதியிருக்கிறது. நான் கேட்டதற்கெல்லாம் இத்தனை ஆண்டும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னவள் எழுதியிருக்கிறாள்.

'சித்தி, எனக்கு நீ போடு. நீ போடலன்னா நான் மேல வர மாட்டேன். ஆன்ட்டிகிட்ட நானே சொல்லிட்டேன். அழாத, எல்லாரும் பாக்குறாங்க. வெண்பா.'

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

சாந்தாமணி ஆன்ட்டி, எழுந்து நிற்கிறீர்களே, என்ன சொல்கிறீர்கள்? மைக் இல்லாமலே கேட்கிறது. "அந்தப் புள்ள வந்து சொன்னதும் எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல கண்ணு. இந்தா, பொன்னாடை. வந்து வாங்கிக்க." வருகிறேன், ஆன்ட்டி. இந்த முறை நீங்கள் அழுவது ஓசாகாவுக்காக இல்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

அவையோரே! இந்தச் சீட்டைப் பத்திரப்படுத்தப் போகிறேன். எட்டாண்டுத் தமிழ்ப் பள்ளிக்கு இதைவிடப் பெரிய தேர்ச்சி எனக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்த ஆசிரியர்களுக்கு நன்றி. என்னை மேடையேற்றினால் அடங்கிவிடுவேன் என்று நம்பிய செயற்குழுவுக்குத் தனி நன்றி. பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், ஆறிக்கொண்டிருக்கும் பிரியாணிக்கும் நன்றி. இன்னமும் யாருக்கேனும் இது ஆக்வர்டாக இருந்தால் தயங்காமல் கிளம்பலாம். உங்கள் செருப்பு ஏற்கெனவே வெளியே பார்த்துத்தான் இருக்கிறது.

வெண்பா, மேலே வா. சித்தி அழவில்லை. வணக்கம்!