நம்மைத் தேடி வரும் செய்தியோடை

இந்தப் பாதுகாப்பு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் பொன்னுத்தங்கம் அம்மையார் அவர்களே, தொழில் நடத்தும் அண்ணாச்சிமார்களே, அதிகாலைப் பஸ்ஸில் பட்டாசு ஆலைக்குப் போய் அந்திக்குள் அடுப்படிக்கும் வந்து சேரும் அன்னையர்களே, வெம்பக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து வந்தும் உட்கார இடமில்லாமல் நிற்கும் தம்பிமார்களே, அனைவரையும் வணங்குகிறேன். திருத்தங்கலில் கணினி வகுப்பு நடத்தும் மணிமுத்து நான். எனக்கு முன்னால் பேசியவர்கள் நேரத்தையெல்லாம் தின்றுவிட்டார்கள். மிச்சம் வைத்ததில் நான் பேசுகிறேன்.

உள்ளங்கையில் உலகம் இருக்கிறது என்கிறோம். இருக்கிறதா? வேலை நேரத்தில் நம் உள்ளங்கையில் மருந்து இருக்கிறது, திரி இருக்கிறது, கைப்பேசி இருக்கிறதா? இல்லை. கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். முதலாளியானாலும் மூட்டை தூக்குபவரானாலும் அதுவே முறை. உயிர் காக்கும் முறை, எனக்கு அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் போனைப் பெட்டியில் போட்டுவிட்டு, “முக்கியமான விசயம்னா போன் வந்துரும்ல” என்று உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோமே, அதை என்னவென்று சொல்ல?

சிரிக்கிறீர்கள். நான் சொல்லப்போகும் ஆலையிலும் அப்படித்தான் இருந்தார்கள்.

அங்கே கேட்டை ஒட்டிய அலுவலக அறையில் கணக்கு எழுதும் பெண் ஐஸ்வர்யா, என் வகுப்பில் படித்தவர். அலுமினியப் பவுடர் அனுப்பும் கம்பெனியின் இணையதளத்தில் ஓர் அறிவிப்புப் பக்கம் உண்டு. அதன் செய்தியோடையைத் தன் கணினியில் இணைத்து வைத்தார். செய்தியோடை என்றால் என்ன? தினமும் கடைக்கு நடந்துபோய், பால் வந்துவிட்டதா, பால் வந்துவிட்டதா என்று கேட்பது ஒரு வகை. விடிந்ததும் பால் பாக்கெட் நம் வாசலில் கிடப்பது இன்னொரு வகை. இது இரண்டாவது வகை. அந்தத் தளத்தில் புதிதாக எது ஏறினாலும், நாம் தேடிப் போகாமலே அதன் தலைப்பு நம் திரையில் வந்து நிற்கும். வேண்டும் என்ற தளத்தைச் சேர்க்கலாம், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். உங்கள் நம்பரைக்கூட யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

என்ன தம்பி? “வாட்ஸ்அப் குரூப்புல வருமே” என்கிறீர்களா? வரும். அதில் ரோஜாப்பூ வரும், காலை வணக்கம் வரும், மல்லாங்கிணறு மாமா வீட்டுக் காதுகுத்து வரும். சாயங்காலம் பெட்டியிலிருந்து போனை எடுத்து அத்தனையையும் தள்ளிவிட்டு எச்சரிக்கையைக் கண்டுபிடிப்பதற்குள், வேலை முடிந்து நாம் வீட்டுக்குப் போய்விட்டிருப்போம். அல்லது போகாமலே இருப்போம். அதனால்தான் சொல்கிறேன்.

ஐஸ்வர்யா அதை இணைத்தபோது முதலாளி ஜெயச்சந்திரன் அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “என்னம்மா, ஆர்டரப் பாக்கச் சொன்னா சினிமாவா பாக்குத?” என்று கேட்டாராம். அண்ணாச்சி கோபிக்கக் கூடாது, முன்வரிசையில்தான் இருக்கிறார்.

தீபாவளிச் சீசன் உச்சத்தில் ஒரு காலை. ஐஸ்வர்யாவின் திரையில் புதிய தலைப்பு வந்தது. இந்த வாரம் அனுப்பிய லோடில் சில டிரம்களில் ஈரம் ஏறியிருக்கிறது, திறக்க வேண்டாம், கலக்க வேண்டாம் என்ற அறிவிப்பு. டிரம் எண்களைப் பார்த்தார். முந்தின நாள் வந்து இறங்கிய டிரம் ஒன்றும் அதில் இருந்தது. ஈரம் பட்ட அலுமினியப் பவுடர் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டார். மணி அடித்தது. எங்கே அடித்தது? பக்கத்திலேயே, கேட்டுப் பெட்டிக்குள் அடித்தது. அண்ணாச்சியின் போனும் அதற்குள்தான் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், கம்பெனிக்காரர்களும் காலையிலிருந்து அழைத்து அழைத்து ஓய்ந்திருக்கிறார்கள்.

ஓடினார் ஐஸ்வர்யா. ஆலை மணியை அடித்தார். எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். “சீசன் நேரத்துல யாரக் கேட்டு மணிய அடிச்ச?” என்றார்.

“திட்டுறத அப்புறமா திட்டிக்கோங்க அண்ணாச்சி. நேத்து வந்த டிரம்ம யாரும் தொட வேண்டாம். கம்பெனியில போட்டிருக்காக” என்றார் அந்தப் பெண்.

மருந்து கலக்கும் அறையிலிருந்து கடைசியாக வந்தவர் ஊர்க்காவலன். “அந்த டிரம்மா? இப்பத்தான் மூடியில கை வச்சேன். மணிச் சத்தம் கேட்டு அப்படியே விட்டுட்டு வந்தேன்” என்றார். அதைக் கேட்டதும் அண்ணாச்சியே அன்றைய வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். மதியம் கம்பெனி ஆட்கள் வந்து சோதித்தபோது, டிரம்மின் அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது.

அன்பர்களே, அழைப்பு அலைந்தது, ஆள் அகப்படவில்லை. ஓடை ஒன்றுதான் உரிய நேரத்தில், உரிய இடத்தில் வந்து நின்றது. இதைச் செய்யக் கோடி வேண்டுமா? கோட்டை வேண்டுமா? கேட்டருகே ஒரு கணினியும் அதைக் கவனிக்கிற ஒருவரும் போதும். ஒவ்வோர் ஆலையும் வைக்கட்டும், இந்தச் சீசன் முடிவதற்குள் வைக்கட்டும். வந்து இணைத்துத் தருவதற்கு நான் தயார்.

அந்த விபத்து எந்தப் பேப்பரிலும் வரவில்லை, ஏனென்றால் அது நடக்கவில்லை. அன்று ஊர்க்காவலன் வழக்கத்துக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் மனைவி சண்முகத்தாய், “என்ன, இன்னைக்கு வெள்ளனவே வந்துட்டீக?” என்று கேட்டிருக்கிறார். “வேலை இல்லன்னுட்டாக. சோத்தப் போடு” என்று உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார் மனிதர்.

அந்தச் சோறு எல்லா வீட்டிலும் பரிமாறப்பட வேண்டும் என்று கேட்டு, பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.