மேல்தள அறை

காலை ஏழே முக்கால். தண்டையார்பேட்டையில் பாரிமுனைப் பேருந்தில் ஏறிய அறுபது வயதுக்காரர், நீலப் பெட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டார். ஜன்னலோரம் இருந்த நண்பர் இடம்விட்டார்.

“மறுபடியும் கப்பல் டூரா மாமு? அடுத்த மாசம் நானும் வூட்டுக்காரியும் போறோம். மேல, முன்னாடி ரூமு.”

“அத்த மாத்து. கீழ, நடுவுல கேளு. அங்கதான் ஆட்டம் தெரியாது.”

“மேலதான கடலு நல்லா தெரியும்?”

“அப்டி சொல்லித்தான் என் பொண்டாட்டிய மொத தபா இட்டுகினு போனேன். மூணு நாளும் வாந்தி. நான் கீழ டான்ஸ் பாத்துகினு இருந்தேன்.”

“இப்ப கீழ ரூமு போட்டு இட்டுகினு போயேன்.”

“ஆறு தபா கூப்ட்டேன். ‘நீ போய்ட்டு வாய்யா’ன்றா. பொட்டி மட்டும் அவதான் கட்டுவா.”

பெட்டியின் பக்கப் பையில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் இருந்தன.