கல்வாழைக்கு உப்பு ஆகாது

தலைமை நாற்காலிக்குத் தகுதி சேர்க்கும் ஊராட்சித் தலைவர் ஜெயப்ரியா அம்மா அவர்களே! உச்சி வெயிலில் உப்பு வாரி ஊரையே உண்ண வைக்கும் உழைப்பாளிகளே! அலையை மிதித்துப் போய் அந்திக்குள் கரை திரும்பும் அண்ணன்மாரே! என்னைப் பெறாமல் பெற்ற பெரியவர்களே, தாய்மாரே! முன்வரிசையைப் பிடித்துவிட்டு இன்னும் பேச்சை நிறுத்தாத அக்காமாரே! உங்கள் எல்லாருக்கும் இந்த மலர்கொடியின் வணக்கம்.

நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை இன்று இரண்டாம் முறையாகத் திறந்திருக்கிறோம். எந்த ஊரிலாவது ஒரு நிலையத்துக்கு இரண்டு திறப்பு விழா உண்டா? நமக்கு மட்டும் ஏன்? அந்தப் பெருமை முழுக்க என் வீட்டுக்காரர் பச்சமுத்துவையே சேரும்!

சிரியுங்கள், சிரியுங்கள். அவர் போய் இன்னும் வருடம் திரும்பவில்லை. அவரை நினைத்து நாலு பேர் சிரித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்குகிறது.

முன்பு என்ன இருந்தது? வீட்டுச் சாக்கடை நேரே ஓடைக்குப் போனது. ஓடை கழுவெளி உப்பங்கழிக்குப் போனது. அந்தத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடித்த பெண்களின் கால் எல்லாம் புண். சொறிந்தோமா, இல்லையா? பிறகு தொட்டி வந்தது. தொட்டிக்கு அப்பால் ஜல்லிப் படுகை வந்தது. படுகையில் கல்வாழை வந்தது. அழுக்கை வேர் தின்றது. பூ சிவப்பாய்ச் சிரித்தது. ஓடைக்குத் தெளிந்த தண்ணீர் போனது.

படுகையைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் வேலை. ஒரு நாள் தொட்டியில் நாற்றம். உப்பளத்து மனிதர் என்ன செய்வார்? மீன் கெடாதிருக்க உப்பு. மாங்காய் கெடாதிருக்க உப்பு. பல்வலிக்கு உப்பு. திருஷ்டிக்கு உப்பு. "அடியே மலரு, ஊருக்கெல்லாம் உப்பு குடுக்கறோம், நம்ம தொட்டிக்கு இல்லியா?" என்று ராமதாஸ் அண்ணனின் உப்புக் களத்திலிருந்து மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்து கொட்டிவிட்டார்! முறைக்காதீர்கள் அண்ணா, உங்களைக் கேட்டுத்தான் எடுத்தாராம்.

நாற்றம் போனதா? கல்வாழைதான் போனது! இலை கருகி, தண்டு சாய்ந்து, படுகையே சுடுகாடாய்க் கிடந்தது. இன்ஜினியர் சாலமன் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "ஏம்பா, தொட்டியில அழுக்க திங்கிற கிருமி இருந்துச்சு. அதையும் கருவாடு போட்டுட்டியே!"

இவர் விடுவாரா? "அப்போ நாளைக்கி சந்தையில வித்துர்லாமா சார்?"

வாய்தான் அப்படி. கை சும்மா இருக்கவில்லை. ஜல்லியை அவரே அள்ளி அலசினார். கன்று தேடிக் கொண்டுவந்து நட்டார். முதல் குருத்து விரிந்ததைப் பார்த்தார். பூ வரும்வரை நெஞ்சுவலி அவரை விட்டுவைக்கவில்லை. இன்று பூத்திருக்கிறது தாய்மாரே, போகும்போது பார்த்துவிட்டுப் போங்கள்!

ஆனால் ஓரத்துக் கன்றுகள் மறுபடியும் கருகுகின்றன. இந்த உப்பு யார் போட்டது? கருவாட்டுக்கு மீன் ஊறவைத்த தண்ணீர் சாக்கடை வழியே வருகிறது. இந்த முறையும் படுகை செத்தால் நிலையத்தைப் பூட்டிவிடுவார்களாம். பழைய ஓடையா வேண்டும்? பழைய புண்ணா வேண்டும்? பூத்ததைப் பறிகொடுக்கவா இத்தனை பேர் கூடினோம்?

யாரது, கொளஞ்சியம்மாள் அக்காவா? சத்தமாகச் சொல்லுங்கள்.

"மீன் தண்ணிய வேற எங்கடி ஊத்தறது? உன் தலையிலயா?"

ஊற்றுங்கள் அக்கா! கெட்டுப்போக என் தலையில் பூவா இருக்கிறது?

ஏன் எல்லாரும் தலை குனிந்துவிட்டீர்கள்? நானே சிரிக்கிறேன், நீங்களும் சிரியுங்கள். கடல் கூப்பிடும் தூரத்தில் கிடக்கிறதே அக்கா, அங்கே ஊற்றலாமே!

"அண்டாவ அம்மாந்தூரம் தூக்க எங்கிட்ட ஏதுடி ஆளு?"

அண்டாவுக்கு இரண்டு காது. ஒன்றை நீங்கள் பிடியுங்கள், மற்றதை நான் பிடிக்கிறேன். பொழுது சாய்ந்தால் என் வீட்டில் பேச ஆளில்லை அக்கா. உங்கள் அண்டாவுக்கு வருகிறேன், பக்கத்து வீட்டு அண்டாவுக்கு வருகிறேன், தெருவில் எத்தனை அண்டா உண்டோ அத்தனைக்கும் வருகிறேன். கடல் கொடுத்த உப்பு கடலுக்கே போகட்டும்! கல்வாழை பிழைக்கட்டும்! ஓடை தெளியட்டும்!

என்ன அக்கா சொல்கிறீர்கள்?

"சரி, வந்து தொல. ஆனா வழிநெடுக இப்பிடி மைக்கு புடிச்சாப்புல பேசிக்கினு வரக்கூடாது."

கேட்டீர்களா கூட்டத்தாரே! வாக்கு வாங்கிவிட்டேன், மைக்கை வைத்துவிடுகிறேன். பொறுமையாய்க் கேட்டவர்களுக்கு ஒரு நன்றி, நாளைக்கு அண்டா பிடிக்க வருகிறவர்களுக்கு இரண்டு நன்றி. வணக்கம், போய் வருகிறேன்!