இரண்டு மைல் என்று சொன்னேன்

எங்கள் கீழக்கரையில் கால் படி நெத்திலிக் கருவாடு வாங்க அரை மணி நேரம் ஆகும், சார். விற்பவன் ஒரு விலை சொல்வான், வாங்குபவன் முகத்தைச் சுளித்துப் பாதிக்குக் கேட்பான், அப்புறம் இருவரும் வீட்டு நலம் விசாரித்தபடியே நடுவில் வந்து நிற்பார்கள். சொன்ன விலைக்கு வாங்கிப் போகிறவனை நாங்கள் நம்புவதில்லை. திருட்டுப் பணமோ என்று தோன்றும்.

என் பெயர் சதக்கத்துல்லா. யுத்த காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டுவிட்டுப் போன ஓடுபாதையில் கம்பெனி விமானம் இறங்கத் தொடங்கிய நாற்பத்தொன்பதாம் வருஷம் முதல் அங்கே நான்தான் ஏஜெண்டு. டிக்கெட் எழுதுவது, மூட்டை நிறுப்பது, வயர்லெஸ்ஸில் வானிலை சொல்வது எல்லாம் நானே. ஒரு மைல் தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் விமானி இறங்கலாம். குறைந்தால் திருச்சிக்குத் திரும்ப வேண்டும். சட்டம் கொடுத்தார்கள், அளக்கக் கருவி கொடுக்கவில்லை. பாதைக் கோடியில் நிற்கும் மூன்று பனை அரை மைல், உப்பளக் கொட்டகை ஒரு மைல், தர்கா மினாரா இரண்டு மைல் என்று நானே வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்த விமானி தங்கசாமி கமுதிக்காரர், மிளகாய் வியாபாரி மகன். அவரோடு பேசுவதே ஒரு சுகம். நான் "ரெண்டு மைல்" என்று ஆரம்பிப்பேன்.

"என்ன சதக், என்கிட்டயேவா? மினாரா தெரியுதா?"

"லேசாத் தெரியுது."

"லேசு கெடக்கட்டும். பனை தெரியுதா, அதைச் சொல்லுங்க."

"ரெண்டு பனை தெரியுது. மூணாவது வந்துக்கிட்டிருக்கு."

"அப்ப நான் திருச்சிக்குப் போறேன். என் சாப்பாட்டை நீங்களே தின்னுருங்க."

இப்படி இரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது.

அவர் மாற்றலாகி, பொன்னப்பா வந்தார். குடகு நாட்டுக்காரர், பட்டாளத்தில் இருந்தவர், தங்கமான மனிதர். வந்த வாரமே தன் மனைவிக்கென்று என்னிடம் ஒரு சங்கு கேட்டார். பேச்சைத் தொடங்க ஓரிடம் வேண்டுமே என்று மூன்று மடங்கு விலை சொன்னேன். அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு நன்றியும் சொன்னார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

கார்த்திகையில் மூன்று விமானங்கள் மழையைப் பார்த்துத் திரும்பிப் போயின. நாலாவதும் திரும்பினால் ஒன்றாம் தேதி முதல் இந்த ஊரில் நிற்காது என்று தலைமை ஆபீஸ் கடிதம் போட்டது. வேலை போனால் போகட்டும். கம்பெனித் தொப்பியும் போகுமே. அந்தத் தொப்பி வந்த பிறகுதான் சங்கு வியாபாரியான மாமனார் வீட்டில் எனக்கு நாற்காலி போட்டார்கள். கடிதத்தைப் பார்த்த என் மனைவி மலிகா, "அப்ப இனிமே எங்க வாப்பா கடையில உக்காந்து சங்கு கழுவப் போறியளா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

அடுத்த விமானம் வந்த காலையில் மழைமூட்டத்தில் மினாரா இல்லை, கொட்டகை இல்லை, பனையும் இல்லை. காற்றுத் திசை காட்டும் பை கட்டிய கம்பம் நூறடியில் நிற்கிறது, அதையும் காணோம். தலைக்கு மேலே சத்தம் மட்டும் சுற்றியது. எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பொன்னப்பா கேட்டார். இரண்டு மைல் என்றேன்.

பாதையில் ஆடு விரட்டும் சின்னக்கருப்பன் பக்கத்தில் நின்றான். "மரைக்காயரே, என் கையே எனக்குத் தெரியல. நீங்க எதைப் பார்த்து ரெண்டுங்கிறிய?"

"நீ ஆட்டைப் பாருலே."

"ஆடும் தெரியலையே."

"நன்றி சதக், இறங்குகிறேன்" என்றார் பொன்னப்பா. விமானம் உப்பளத்தில் இறங்கியது. பத்தொன்பது பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

விமானி அவசரப்பட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. நானும் உங்கள் விசாரணையில் முதலில் அப்படித்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது தப்பு. அவர் சட்டப்படிதான் இறங்கினார். பொய் சொன்னது நான்; சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற மனிதர் என்று தெரிந்தே சொன்னேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் நன்றி சொன்ன பிறகும் நாலு நிமிஷம் இருந்தது. வயர்லெஸ் என் கையில்தான் இருந்தது. நூறடிகூடத் தெரியவில்லை என்ற உண்மையும் வாயில் தயாராக இருந்தது. "நிஜமாவா சதக்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காதவரிடம் நாமாக இறங்கி வருவது மரியாதையாக இருக்காது, சார்.