பின்மண்டையில ரெண்டு கோடு

ஷிபா: ...பொய் சொல்லல்லே அத்தான். டப்பாவத் திறந்து அலமாரி இருட்டுல வச்சுப் பாத்தேன். பச்சையா மின்னுது!

ஜினு: என் பைய எதுக்குப் பிள்ள நோண்டுன?

ஷிபா: பொண்டாட்டி நோண்டாம வேற யாரு நோண்டுவா? லீவுல வந்த பட்டாளத்துக்காரன் பழவங்காடி கடையில பெயிண்டு வாங்குனா கேக்க மாட்டேனா?

ஜினு: எல்லையில சண்ட தொடங்கியாச்சு, நாளைக்கே தம்பானூர் ஸ்டேஷன்ல வண்டி ஏறணும். யூனிட்டுல பெயிண்டு தீந்துபோச்சாம், வாங்கிட்டு வான்னு ஹவில்தார் சொன்னாரு. ஹெல்மெட்டுல அடையாளம் போட.

ஷிபா: என்ன அடையாளம்?

ஜினு: பின்மண்டையில ரெண்டு கோடு. ராத்திரி மலையேறும்போ பின்னால வாறவன் அதப் பாத்து வரணும்.

ஷிபா: எல்லாருக்கும் உண்டா?

ஜினு: பின்னே! எல்லாருக்கும்.

ஷிபா: எல்லாவனும் மின்னுனா எவன் பின்னால எவன் போவான்?

ஜினு: ...நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

ஷிபா: பேச்ச மாத்தாதிய. கோடு யாருக்கு?

ஜினு: முன்னால போறவனுக்கு.

ஷிபா: ஸ்டோர்ல அரிசி அளக்கிறவருக்கு அது எதுக்கு? மூணு வருசமா ஸ்டோர், ஸ்டோர்னு... அம்மா முன்னால பைபிள்ல கை வச்சுல்லா சொன்னிய!

ஜினு: செரி. முன்னால போறது நான்தான். பயப்படாத. கண்ணக் கட்டிவிட்டாலும் அந்த மலையில ஏறிருவேன். கோடு பின்மண்டையில இருக்கு, எதிரி முன்னால இருக்கான். முதுகு காட்டுனாத்தான் அவன் கண்ணுல படும். நான் காட்ட மாட்டேன்.

ஷிபா: வேல முடிஞ்சு இறங்கி வரும்போ? அப்பம் முதுகு அவன் பக்கந்தானே?

ஜினு: அப்பம்... மேல துணியக் கட்டிருவேன்.

ஷிபா: இப்பம் யோசிச்சதுதானே இது?

ஜினு: ஹா... ஆமா. ஆனா நல்ல யோசன, இல்லியா?

ஷிபா: கோடே போடலன்னா என்னவாம்?

ஜினு: என் பின்னால எட்டுப் பேரு பிள்ள. ரெண்டு பக்கமும் பாதாளம். கோடு தெரியலன்னா மொதல்ல விழுறது அபின்.

ஷிபா: யாரு... நம்ம கல்யாணத்துல மூணு தடவ பாயாசம் வாங்கிக் குடிச்சவரா?

ஜினு: அவனேதான். எனக்கு அடுத்த ஆளு. போன மாசந்தான் கொழந்த பொறந்திருக்கு. டப்பாவ பத்திரமா மூடி பைக்குள்ள வை.

ஷிபா: டப்பாவுல இருக்கது நம்ம வாசல் கேட்டுக்கு அடிச்ச மிச்ச வெள்ளையாக்கும் அத்தான். எதிரி கண்ணுல பட்டுருமேன்னு பயந்து, மின்னுறத காப்பிப்பொடி பாட்டில்ல ஊத்தி, அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சேன். எடுத்துத் தாறேன்... தடிமனா அடிங்க, அபினுக்கு நல்லாத் தெரியட்டும்.